முறத்தில் ஏறாத கோடு

ஸ்வீப்.
குளிர்காலம் முழுக்க அந்த ஊரில்
இந்தச் சொல்லைக் கத்தித்தான் சொல்வார்கள்.

சஸ்காட்செவனில் டன்வெல் என்ற ஊர்.
உயரமாய் நிற்பவை இரண்டே:
கோதுமைக் கிடங்கு, பனிக்கட்டி அரங்கு.
வியாழன் இரவுகளில்
இருபது கிலோ கருங்கல் ஒன்று வழுக்கி வர
அதன் முன்னால் குனிந்தபடி ஓடித் தேய்ப்பார்கள்
மார்லிஸ் ஹிரிட்சனும் ஏநார் டோர்வாலும்.
கல்லைத் தொட்டால் குற்றம்.
அது வரப்போகும் வழியைத் தொடலாம்.
எதிர்க்கோடியில் வரைந்த வட்டங்களுக்கு
அங்கே வீடு என்று பெயர்.
வீட்டுக்குள் நின்று தலைவி கத்துவாள்: ஸ்வீப்!
தேய்த்தால் கல் இன்னும் பத்தடி போகும்.
விட்டால் வளைந்து
எங்கோ நின்றுவிடும்.

பகலில் மார்லிஸ் பள்ளிக்கூடத்தில்.
அங்கே அதே சொல் ஒரு துண்டுச் சீட்டில்
ஓசையில்லாமல் வரும்:
ஜிம் தரை, ஸ்வீப், மூன்று மணிக்குள்.
பென்சில் சீவல், ஒற்றைக் கம்மல்,
ஒருமுறை ஒரு பால்பல்.
பெருக்கினால் ஏதாவது கிடைக்கும்
என்பது அவள் அனுபவம்.

அக்டோபரில் கரித்தூரிகையோடு
புகைபோக்கி ஏற வரும் ஆஸ்கருக்கும்
தொழிற்பெயர் அதுதான்.
தேர்தல் இரவில் ரேடியோ அதையே சொல்லும்,
ஒரு கட்சி எல்லாத் தொகுதியையும் வாரிவிட்டதாக.
உறைந்த ஏரியின்மேல் பழைய காரை நிறுத்தி
என்றைக்கு மூழ்கும் என்று கட்டும் பந்தயத்தின் பெயரிலும்
பாதி அதுவே.
போன வருடம் ஏநார் ஏப்ரல் பத்தொன்பது என்று எழுதி
முந்நூற்று நாற்பது டாலர் ஜெயித்தான்.
லாரிக்குப் புது டயர் போட்டான்.

டயர்கள் அப்படியே இருந்தன.
பிப்ரவரிப் புயல் ஓய்ந்த காலை
கிளைச்சாலையில் லாரி நின்றது,
கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது.
போலீஸ் அதிகாரி பானெட்டின்மேல் வரைபடம் விரித்து
கட்டம் கட்டமாக வகுத்தார்.
'இங்கிருந்து ரயில்பாதை வரை ஸ்வீப்' என்றார்.
அவர் கத்தவில்லை.

கைக்குக் கை தூரம் விட்டு எண்பது பேர்.
மார்லிஸ் இடது ஓரம்.
கிடைத்தவை: ஒரு சக்கர மூடி,
தீவனச் சாக்கு, எந்தக் காலத்துக் கையுறையோ ஒன்று.
இருட்டும்போது அதிகாரி
அந்தக் கட்டத்தைப் பச்சைப் பென்சிலால் நிரப்பினார்.
முடிந்தது என்று பொருள்.

இதை நான் எழுதும் மொழியில்
தரையைக் கூட்டலாம், அல்லது பெருக்கலாம்.
இரண்டும் கணக்குப் பாடம்.
குப்பை குறையத்தானே செய்கிறது சார்,
பிறகு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டு
நான்காம் வகுப்பில் குட்டு வாங்கினேன்.
டன்வெல்லில் எண்பது பேரைக் கூட்டிப்
பனியைப் பெருக்கினார்கள்.
விடை வரவில்லை.

மூன்றாம் நாள்,
பச்சை அடித்த கட்டத்துக்குள்ளேயே,
காற்றுத்தடுப்பு வேலியடியில்,
அதுவும் ஒரு நாய் கண்டுபிடித்தது.
யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.
அதிகாரி அந்தப் பச்சையைக்
கட்டைவிரலால் அழித்துப் பார்த்தார்.

மார்லிஸுக்குத் தெரியும்.
எவ்வளவு பெருக்கி அள்ளினாலும்
முறத்தின் விளிம்பில் ஒரு கோடு தூசி மிஞ்சும்.
முறத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினால்
இன்னும் மெல்லிய கோடு.
கடைசியில், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
காலால் பரப்பிவிடுவோம்.
உலகத்தில் துடைப்பம் பிடித்த எல்லோரும்
இதைச் செய்திருக்கிறோம்.

அடுத்த வியாழன் மூன்று பேராக ஆடினார்கள்.
கல் வந்தது.
தலைவி வாய் திறந்தாள்,
சொல் வரவில்லை.
மார்லிஸ் தனியாகத் தேய்த்தாள்.
கல் வளைந்து, தளர்ந்து,
வீட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அதன் முன்னால்
அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.